சான்றிதழ் கூலி ஆகாது

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஒரு மாணவி சென்ற வாரம் நம் அலுவலகத்துக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். வரலாறு இளங்கலை படிப்பவர். போன கோடை விடுமுறையில் பெங்களூருவின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தார். சுரங்கத் தொழிலாளர்களின் வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கி, ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை. ராபர்ட்சன்பேட்டையில் விடியற்காலை பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்னும் கர்நாடக அரசின் சக்தி திட்டம் இருப்பதால் பஸ்ஸுக்குக் காசு இல்லை. அந்த ஆறு வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பண உதவி அதுதான்.

நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். சங்கு ஊதினால் ஊரே வாசலுக்கு வந்துவிடும் என்று ஒரு முதியவர் பதிவில் சொல்கிறார். முதல் மொழிபெயர்ப்பில் அது கோயில் சங்காகியிருந்தது. மாணவி அதை அடித்து, இது சுரங்கத்துச் சங்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஊதுவது, நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் உள்ளே விபத்து என்று பொருள் என ஓரத்தில் எழுதியிருக்கிறார். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால் விபத்தின் நினைவு திருவிழாவின் நினைவாக மாறியிருக்கும்.

இப்போது அறிக்கை வெளிவந்துவிட்டது. அந்த விளக்கம் அப்படியே அதில் இருக்கிறது. ஆய்வாளரின் பெயர் இருக்கிறது, நிதி தந்தவரின் பெயர் இருக்கிறது, அட்டையை வடிவமைத்தவரின் பெயரும் இருக்கிறது. மாணவியின் பெயர் இல்லை. “பயிற்சி மாணவர்களுக்கு நன்றி” என்ற ஒற்றை வரியோடு அவர் கதை முடிந்தது. கையில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். இது ஒரு மாணவிக்கு மட்டும் நேர்ந்ததாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி நிறுத்தியிருப்போம். மொழி, வரலாறு, சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் நம்மிடம் சொல்லும் குறை இதுவே. கோடை ஆய்வுப் பயிற்சி என்ற பெயரில் அவர்களின் உழைப்பு ஊதியமின்றியும் பெயரின்றியும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அறிவியல் மாணவருக்கு இதே பெங்களூருவில் வேறு நியாயம் இருக்கிறது. சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி, டெல்லி, பிரயாக்ராஜ் அகாதெமிகளோடு சேர்ந்து கோடை ஆய்வு நல்கைத் திட்டத்தை நடத்துகிறது. தேர்வாகும் மாணவருக்கு இரண்டு மாதம் உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணம் உண்டு, பெயர் சொல்லக்கூடிய வழிகாட்டி உண்டு. ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் கோடை நல்கை தருகிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையில் கோடை ஆய்வுக்கென்றே ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. இவை நல்ல திட்டங்கள், வளர வேண்டியவை. ஆனால் இவற்றின் கதவு கலைப் பாடம் படிப்பவருக்குத் திறப்பதில்லை. அதே அளவில், அதே ஒழுங்கோடு இயங்கும் கோடை நல்கை ஒன்றைக் கலைப் பிரிவின் பட்ட மாணவருக்காக யாரும் உருவாக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2024 ஜனவரியில் இளங்கலை இன்டர்ன்ஷிப்புக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நான்காம் செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது, அதற்குக் கிரெடிட் கணக்கும் வகுத்தது. மாணவர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எண்ணிச் சொன்னவர்கள், அந்த உழைப்புக்கு உதவித்தொகை கட்டாயம் என்று சொல்லவில்லை. கட்டாயம் மாணவருக்கு, விருப்பம் நிறுவனத்துக்கு என்பது என்ன நீதி?

“கலைத் துறைகளுக்கு நிதியே வருவதில்லை, நாங்கள் எங்கே போவோம்” என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். நிதிப் பஞ்சம் உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும், மொழிபெயர்ப்புக்கு அதற்கு மேலும் ஆகும் என்பது இத்துறையில் இருக்கும் எவருக்கும் தெரியும். இதையே வெளியாளிடம் கொடுத்தால் நிமிடக் கணக்கில் பணம் எண்ணி வைக்க வேண்டும். நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது பயணத்துக்கும் கருத்தரங்குக்கும் ஒரு வரி ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு மாணவருக்கு ஒரு வரி ஒதுக்கத் தெரியாதா?

“நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம், அதுவே ஊதியம்” என்பது இன்னொரு வாதம். கற்றுக்கொடுக்கும் இடங்கள் உண்டு. மாணவரை அருகில் உட்கார வைத்து, ஆவணத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்று பழக்கும் ஆசிரியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறோம். ஆனால் நம்மிடம் வந்த மாணவி தன் வழிகாட்டியை ஆறு வாரத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். சங்குக்குப் பொருள் சொன்னது மாணவி, கற்றுக்கொண்டது நிறுவனம்.

இதன் கேடு ஒரு கோடையோடு தீர்வதில்லை. சம்பளமில்லாமல் இரண்டு மாதம் பெங்களூருவில் தங்கக்கூடியவர், இங்கே சொந்த வீடு உள்ளவரோ பி.ஜி. வாடகை கட்டக்கூடிய குடும்பத்தவரோதான். மற்றவர்கள் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். அப்படியென்றால் தங்கவயலின் வரலாற்றையும் பெங்களூரு சிவாஜிநகர் சந்துகளின் வரலாற்றையும் நாளை யார் எழுதப்போகிறார்கள்? சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதில் இறங்கியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். பெங்களூருவிலோ மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரிலும் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த ஊரின் பழமையைப் படிக்கக் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் உருதுவும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அவர்களில் பலர் பணம் இல்லாத வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

பணம் ஒதுக்க அரசுகளுக்குத் தெரியாமல் இல்லை. பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-இல் மாதம் 5,000 ரூபாய் என்று நிர்ணயித்தது, ஆனால் முழுநேரம் படிப்பவர் அதில் சேர முடியாதபடி விதி வகுத்தது. கர்நாடகத்தின் யுவநிதி, வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. பட்டம் பெற்று வேலையில்லாதவருக்கு இரங்கும் அரசு, படிக்கும்போதே வேலை செய்பவரைக் கைவிடலாமா? அமெரிக்க வெள்ளை மாளிகைகூட நெடுங்காலம் சம்பளமின்றி வேலை வாங்கிவிட்டு, 2022 இலையுதிர் காலத்தில் பயிற்சியாளருக்குச் சம்பளம் தரத் தொடங்கியது. பழைய வழக்கம் என்பது சாக்கு ஆகாது.

ஆகவே கேட்கிறோம். மானியக் குழு தன் நெறிகளைத் திருத்தி, ஆய்வுப் பயிற்சிக்கு உதவித்தொகையைக் கட்டாயமாக்க வேண்டும். இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் வரலாற்று ஆய்வு மன்றமும் அறிவியல் அகாதெமிகளைப் பார்த்துக் கலை மாணவருக்குக் கோடை நல்கை தொடங்க வேண்டும். கர்நாடக அரசு, மாநில ஆவணக் காப்பகத்தையும் பல்கலைக்கழகங்களையும் இணைத்துத் தன் பங்குக்கு ஒன்றை அறிவிக்க வேண்டும். வேலை என்ன, நேரம் எவ்வளவு, வழிகாட்டி யார், பெயர் எங்கே வரும் என்பதை முதல் நாளே எழுத்தில் தராத நிறுவனத்துக்குக் கல்லூரிகள் மாணவரை அனுப்பக் கூடாது. அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் திறக்கும் முன் இவை நடந்தாக வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கை இணையத்தில் இருக்கிறது, அதில் ஒரு பெயரைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். நாமே இங்கு அச்சிட்டிருப்போம். ஆனால் தன் பெயர் வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டார். மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதம் இன்னும் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர் பெயரை அச்சிட வேண்டியவர்கள் அவர்களே. உடனே அச்சிடட்டும்.