ஒன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே

மலையகத்தின் டயகம தேயிலைத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் விடும்போது மணி ஒன்றரை. கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா லயத்துக்கு வந்துசேர நாலரை தாண்டிவிடும். கைக்குழந்தைக்குப் பிள்ளை மடுவம் உண்டு, பார்த்துக்கொள்ள ஆயம்மாவும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இருப்பது பூட்டாத காம்பராவும் ஒரு போனும்தான். அந்த மூன்று மணி நேரம் பிள்ளை யாரோடு விளையாடுகிறது, யாரிடம் என்ன பேசுகிறது என்பது பெற்றோருக்குத் தெரியாது. விளையாட்டை விற்றுக் காசு பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. கெட்டது நடந்தபின் கூடிப் பேசுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். இந்த முறையாவது முன்கூட்டியே பேச வேண்டும்.

போனைப் பிடுங்கி வைத்தால் தீரும் என்று சொல்கிறவர்கள் தோட்டத்தை அறியாதவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. கடன் வாங்கியாவது போன் வாங்கச் சொன்னவர்கள் நாம்தான். அம்மா சவூதியிலோ கொழும்பிலோ வேலைக்குப் போன வீடுகளில் அவள் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதே கண்ணாடிக்குள்தான். அந்தப் போன் இனி லயத்தை விட்டுப் போகாது.

தோட்டப் பிள்ளைகளின் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர் ஃப்ரீ ஃபயர். சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்டது. மலிவான போனிலும் ஓடும். ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கிச் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடியும். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நால்வர் அணியில் ஆள் குறைந்தால் முன்பின் தெரியாதவர்களைக் கணினியே சேர்த்துவிடும். மைக்கைத் தொட்டால் பேசலாம். துப்பாக்கிக்கு வண்ணம் பூசவும் உடுப்பு மாற்றவும் டயமண்ட் வேண்டும். டயமண்டுக்குக் காசு வேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாகத்தான் நிர்ணயிக்கப்பட்டது. நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் அந்தக் காசு எங்கிருந்து வரும்?

வலை விரிவது இங்கேதான். நன்றாக ஆடுகிறாய் என்று ஒரு குரல் பாராட்டும். நாலு நாள் கழித்து ஓர் உடுப்பைப் பரிசாக அனுப்பும். பிறகு வாட்ஸ்அப் நம்பர் கேட்கும், ஒரு படம் கேட்கும், அடுத்து வேறுவிதமான படம். அதை அனுப்பிவிட்ட பிள்ளைக்கு அதற்குப் பின் வருவது மிரட்டல் மட்டுமே. இது உலகம் முழுதும் பதிவான நடைமுறை. விளையாட்டுத் தளங்களிலும் அரட்டைச் செயலிகளிலும் சிறுவர்களைத் தேடிப் பிடித்து வதைக்கும் கும்பல்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2023 செப்டம்பரில் பகிரங்கமாகவே எச்சரித்தது. வெட்கத்தாலும் அடி விழும் என்ற பயத்தாலும் பிள்ளை வாய் திறக்காது. அந்த மௌனத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

டயகமவின் பெயர் 2021 ஜூலையில் நாடெங்கும் அடிபட்டது. கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கிருந்த இவ்வூர்ச் சிறுமி தீக்காயங்களோடு இறந்த துயரம் அது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் தரகர்களைப் பற்றி அன்று எல்லோரும் பேசினோம். இப்போது வரும் தரகன் பஸ் ஏறி வருவதில்லை. ஊருக்குள் கால் வைக்காமலே காம்பராவுக்குள் இருக்கிறான்.

நிறுவனங்கள் தம்மிடம் பாதுகாப்பு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, வயதைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு. லயத்துப் போன் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கும். கணக்குத் திறந்தவர் பிறந்த வருடத்தை 1990 என்று தட்டிவிட்டிருப்பார். அன்றிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை நிறுவனத்தின் ஏட்டில் முப்பது தாண்டிய ஆள். பதின்மூன்று வயதுக்குக் கீழானவர்களுக்கென ரோப்லொக்ஸ் விளையாட்டுத் தளம் 2024 நவம்பரில் கொண்டுவந்த கட்டுப்பாடுகளும், பெற்றோர் தம் போனிலிருந்தே பிள்ளையின் கணக்கைக் கவனிக்கும் வசதியும் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை.

மொழி இன்னொரு ஓட்டை. ஆங்கிலக் கெட்ட வார்த்தையைத் தட்டினால் நட்சத்திரக் குறி போட்டு மறைக்கும் கருவி, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வசவுக்கு விழிக்கும். மைக்கில் பேசினால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஜூனில் கைதான ‘டாக்சிக் மதன்’ என்ற யூடியூபரை நினைவிருக்கலாம். பப்ஜி ஆடியபடியே பெண்களைக் கொச்சையாகப் பேசிய அவரது ஒளிபரப்பைப் பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். பொலிஸுக்கு முறைப்பாடு போகும்வரை அந்தச் சேனல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனைக்கும் பப்ஜி இந்தியாவில் 2020 செப்டம்பரிலேயே தடைசெய்யப்பட்ட விளையாட்டு! ஃப்ரீ ஃபயரை 2022 பெப்ரவரியில் தடைசெய்தார்கள். அதன் இரட்டைப் பிறவியான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது. தடை என்ற சொல் மேடையில் கைதட்டல் வாங்கும், அவ்வளவுதான்.

விளையாட்டைச் சப்பென்று ஆக்காமலே பிள்ளைகளைக் காக்கலாம் என்பதற்குச் சான்று பழையது. 2005இல் தொடங்கிய கிளப் பெங்குவின் விளையாட்டில் பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் பேச்சை முன்பே எழுதிவைத்த வாக்கியங்களுக்குள் அடக்கிவிட முடிந்தது. வணக்கம் சொல்ல முடிந்தது, விளையாட அழைக்க முடிந்தது, வீடு எங்கே என்று கேட்க வழியிருக்கவில்லை. பிள்ளைகள் அலுத்துப் போகவில்லை, கோடிக்கணக்கில் குவிந்தார்கள். ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனமோ சிறுவர்களுக்கும் குரல் அரட்டையை ஆரம்பத்திலிருந்தே திறந்து வைத்திருந்தது. தனியுரிமை மீறலுக்கும் ஏமாற்றிக் காசு பிடுங்கியதற்குமாக 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 52 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வருடத்தில்தான் சிறுவர் கணக்குகளில் குரல் அரட்டையை மூடியது. மூடத் தெரியாமல் யாரும் திறந்து வைக்கவில்லை. திறந்திருந்தால் பிள்ளை அதிக நேரம் ஆடும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. இலங்கையில் இயங்கும் எந்தப் பலர்கூடும் விளையாட்டிலும், வயதை உறுதிசெய்யாத கணக்குக்கு அந்நியரோடு பேசும் வசதியும் பரிசு வாங்கும் வசதியும் ஆரம்பத்திலேயே மூடியிருக்க வேண்டும். அரசிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. கணினிவழிச் சேவை தருபவர் அதைச் சிறுவர் துஷ்பிரயோகத்துக்கு இடமாக்கக்கூடாது என்ற கடமை 2006இலேயே தண்டனைச் சட்டக்கோவையில் சேர்ந்துவிட்டது. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், விமர்சிக்கிறவர்கள் வாயை அடைக்கவா என்ற சந்தேகத்தோடேயே பிறந்தது. சிறுவர் பெயரைச் சொல்லி நிறைவேற்றிய சட்டம் சிறுவருக்கும் ஒருநாள் உதவட்டுமே. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நிறுவனங்களை அழைத்துப் பேச வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் முறைப்பாடு ஏற்க ஆள் வைக்கச் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளையின் உண்மை வயதில் புதிய கணக்குத் திறக்கலாம். விளையாட்டின் செட்டிங்ஸில் மைக்கையும் நண்பர் கோரிக்கையையும் மூடிவிடலாம். ப்ளே ஸ்டோரில் காசு கட்ட இரகசிய எண் வைக்கலாம். எழுத்து தெரியாத பெற்றோர்தான் பலர் என்றால், பிள்ளை மடுவத்துத் தாய்மார் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கிப் போனைக் கையில் வைத்தே காட்டிக்கொடுக்கலாம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கு இது பெரிய செலவில்லை. ஹொட்ஸ்பொட் போட்டு ஒரே லயத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. டேட்டாவும் வேண்டாம், அந்நியனும் வரமாட்டான். ஏதாவது நடந்துவிட்டதாகப் பிள்ளை சொன்னால் அடிக்காமல் கேட்டு, வந்த செய்திகளை அழிக்காமல் வைத்து, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்க வேண்டும். கட்டணம் கிடையாது.

அந்த மூன்று மணி நேரம் மட்டும் எந்தச் செட்டிங்ஸிலும் தீராது. பள்ளி விட்டபின் பிள்ளைகள் கூடி ஆடவும் படிக்கவும் ஒரு கூடமும் ஒரு பொறுப்பாளரும் தோட்டம்தோறும் வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த முறை கம்பனிகளோடு மேசையில் அமரும்போது, சம்பளக் கோரிக்கைக்குக் கீழே இதையும் எழுதிக்கொண்டு போகட்டும்.