ராக்கெட்ஸ் தோற்றது மூணு பாயிண்ட் ஷாட்டாலயா? சும்மா கதை விடாதீங்க!

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இன்னமும் 2018 மே 28 வந்துவிடும். அன்றைக்கு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸோடு மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம். சொந்த ஊர், சொந்த அரங்கம். ஜெயித்தால் என்பிஏ இறுதிச்சுற்று. 44 மூணு பாயிண்ட் ஷாட் அடித்தார்கள், 7 தான் விழுந்தது. நடுவில் வரிசையாக 27 ஷாட் வெளியே! 101-92, கதை முடிந்தது.

உடனே கிளம்பிவிட்டார்கள் மேதாவிகள். தூரத்தில் நின்றே எறிந்தால் இப்படித்தான் ஆகுமாம். கம்ப்யூட்டர் கணக்கு கோப்பை வாங்கித் தராதாம்.

சரி, கம்ப்யூட்டர் வேண்டாம், கையாலேயே கணக்கு போடுவோம். அந்த சீசனில் ராக்கெட்ஸ் அடித்த மூணு பாயிண்ட் ஷாட்டில் 36 சதவீதம் விழுந்தது. அதாவது 100 ஷாட்டுக்கு 108 புள்ளி. கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே நின்று அடிக்கும் ரெண்டு பாயிண்ட் ஷாட்டில் 40 விழுந்தால் கூட 80 தான். தெருமுனை பெட்டிக்கடைக்காரர் கூட எந்தச் சரக்கு வாங்குவது என்று யோசிக்க மாட்டார். இந்தக் கணக்கை வைத்துத்தான் 82 ஆட்டத்தில் 65 ஜெயித்தார்கள், அந்த சீசனில் வேறு யாரும் அவ்வளவு ஜெயிக்கவில்லை. கோப்பை வராது என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. 2024ல் பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டத்துக்கு 42க்கு மேல் மூணு பாயிண்ட் ஷாட் அடித்தே சாம்பியன் ஆனது.

அப்போ வெறும் கெட்ட நேரமா? கிறிஸ் பால் தொடையில் அடிபட்டு கடைசி இரண்டு ஆட்டமும் வெளியே உட்கார்ந்தாரே, அதுதான் காரணம் என்கிறது இன்னொரு கோஷ்டி. இது பாதி சரி. (வாரியர்ஸுக்கும் இகுடாலா நாலாவது ஆட்டத்திலிருந்தே கிடையாது என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.)

இரண்டு கோஷ்டியும் தொடாத ஒரு கணக்கு இருக்கிறது. ஆறாவது ஆட்டத்தில் பாதி நேரத்தில் ராக்கெட்ஸ் 61-51 என்று முன்னிலை. ஏழாவதில் 54-43. இரண்டிலும் பால் இல்லை, இரண்டிலும் அதே மூணு பாயிண்ட் ஆட்டம்தான். அப்புறம் என்ன ஆச்சு? ஆறாவதின் இரண்டாம் பாதியில் 64-25, ஏழாவதில் 58-38, இரண்டும் வாரியர்ஸுக்கு. முதல் பாதியில் சரியாக இருந்த ஆட்டமுறை, இடைவேளை முடிந்து வந்ததும் எப்படித் தப்பாகிவிடும்?

காலில் தெம்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம். பயிற்சியாளர் டி'ஆன்டோனி ஏழெட்டுப் பேரையே நம்பி ஓட்டுபவர், ஃபீனிக்ஸ் காலத்திலிருந்தே அந்தப் பெயர் அவருக்கு உண்டு. போதாததற்கு ராக்கெட்ஸ் லீக்கிலேயே அதிகமாக 'ஐசோலேஷன்' ஆடிய அணி. ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே எதிராளியைத் தாண்டப் பார்ப்பார், மற்ற நாலு பேரும் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். பால் இருந்தவரை அந்தச் சுமையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டார்கள். அவர் போனதும் மொத்தமும் ஹார்டன் தலையில். ஏழாவது ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் ஆடி 32 புள்ளி எடுத்தார், ஆனால் மூணு பாயிண்டில் 13க்கு 2. தூரத்து ஷாட்டுக்குப் பலம் கையிலிருந்து வருவதில்லை, முழங்காலிலிருந்து வருவது. கால் ஓய்ந்தால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும்.

இதில் ரொம்பப் பாவம் ட்ரெவர் அரிசா. 12 ஷாட் அடித்தார், ஒன்றுகூட விழவில்லை, அதில் 9 மூணு பாயிண்ட். அவரை வைத்து அடித்த நக்கலுக்கு அளவே இல்லை. கெவின் டுராண்ட் மாதிரி ஆளைத் தொடர் முழுக்கத் துரத்தித் தடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையையும் செய்துவிட்டு ஷாட்டும் குறி தப்பாமல் விழ வேண்டுமென்றால், மனுஷனை நடுவில் கொஞ்சம் உட்கார வைத்திருக்க வேண்டாமா? பெஞ்சில் ஆள் இருந்தும் எழுப்பாதவர் பயிற்சியாளர், வாங்கிக் கட்டிக்கொண்டது அரிசா. அந்தக் கோடையிலேயே அவர் ஃபீனிக்ஸ் சன்ஸுக்குப் போய்விட்டார்.

27 ஷாட் வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிப்பவர்கள், ஒரு தடவையாவது ஆறாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுசாகப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் பேசலாம்.