வாசற்படிக்குக் கீழே மக்கிய மரம்

தோட்டத்து லயங்களில் இன்றும் நிற்கும் பழைய பலகை வீடுகளில் முதலில் உளுத்துப்போகும் இடங்களில் ஒன்று வெளிவாசல். மழைச்சாரல் அடிப்பதும் அங்கே. கால் கழுவும் நீர் தேங்குவதும் அங்கே. படியின் இடுக்கில் இறங்கும் நீர் கீழேயுள்ள தாங்குமரத்தை நனைக்கிறது. நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவாக ஈரமுள்ள மரம் மக்குவதில்லை. வெயில் படாத அந்த இருட்டிலோ ஈரம் காய்வதே இல்லை. பூஞ்சணம் பிடித்து மரத்தைத் தின்கிறது. படி அமுங்குகிறது, நிலை இறங்கிக் கதவு இறுகுகிறது.

இதற்குச் சில நிர்வாகங்கள் காணும் பரிகாரம் என்ன? மேலே ஒரு புதுப் பலகை. அதன்மேல் ஒரு பூச்சுச் சாயம். இது பழுதுபார்ப்பதன்று, பழுதை மறைப்பது. விடியுமுன் பால்வெட்டப் புறப்படும் தொழிலாளி இருட்டில் கால் வைப்பது அந்தப் படியில்தான் என்பதை மானேஜர்கள் மறக்கலாகாது.

முறையான வேலை யாதெனில், முதலில் படிப்பலகையைக் கழற்ற வேண்டும். கூரிய முனையால் குத்தினால் நல்ல மரம் தடுக்கும். மக்கிய மரம் இடம் கொடுக்கும். வெட்டுமுன் மேற்பாரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். உறுதியான மரம் வரும்வரை வெட்டி, செங்கால் போன்ற வைர மரத்தையோ மருந்தேற்றிய மரத்தையோ பொருத்த வேண்டும். மருந்தேற்றாத ரப்பர் மரம் உதவாது. அதைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பற்றும். கடைசியாக, நீர் வந்த வழியை அடைக்க வேண்டும். படி வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். மண் மரத்தைத் தொடக்கூடாது. நீரை நிறுத்தாவிடில் புதுமரமும் மக்கும்.

இது நாம் இரந்து கேட்கும் சலுகையன்று. மலேசியாவின் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை முதலாளியின்மீதே சுமத்தியிருக்கிறது.

தோழர்களே! படி அமுங்கினால் கிராணியிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். தேதியிட்டு எழுதி, தோட்டக் கமிட்டி வழியாகக் கொடுங்கள்; நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நீர் தேங்காமலும் வாய்க்கால் அடையாமலும் பார்ப்பது நமது பங்கு. அதை நாம் செய்வோம். மரத்தை மாற்றுவது நிர்வாகத்தின் பங்கு.

புதுச் சாயத்தைக் காட்டி வேலை முடிந்தது என்பாரிடம் நாம் கேட்பது ஒன்றே: பலகையைக் கழற்றிக் காட்டுங்கள்!