டைபாய்டு தடுப்பூசி: காசு இருக்கிற குழந்தைக்கு மட்டும்தானா?

தஞ்சாவூரில் மழைக்காலம் வந்துவிட்டால் குழந்தைகள் டாக்டரிடம் டோக்கன் வாங்குவதே பெரும்பாடு. நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால், ‘டைபாய்டா இருக்கும், ஒரு வைடல் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுங்க’ என்பார்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும். பிள்ளைக்கு இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போச்சு. தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்குச் சம்பளமும் போச்சு.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. தனியார் கிளினிக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அரசு இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. அதாவது, யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

டைபாய்டு கிருமி மனித உடலில் மட்டுமே வாழும். நோயாளியின் மலம் வழியாக வெளியேறி, தண்ணீரிலும் உணவிலும் கலந்து அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடும் தெருவில் ஒரு சின்ன உடைப்பு போதும்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. 2017 முதல் 2020 வரை வேலூர், டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரப் பகுதிகளிலும் புனே அருகே உள்ள கிராமங்களிலும் 6 மாதம் முதல் 14 வயது வரையிலான சுமார் 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். காய்ச்சல் வந்தவர்களின் ரத்தத்தைக் கல்ச்சர் செய்து டைபாய்டை உறுதிப்படுத்தினார்கள். நான்கு இடங்களில் வேலூரில்தான் பாதிப்பு மிக அதிகம்: ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் 1,173 பேர். அதாவது ஏறத்தாழ 85 குழந்தைகளில் ஒருவர். புனே கிராமங்களில் இது வெறும் 35.

ஊசி வேலை செய்யுமா?

2004-ல் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் பெரிய சோதனை நடந்தது. 80 தொகுதிகளாகப் பிரித்து, பாதிக்கு டைபாய்டு ஊசியும் மீதிக்கு வேறொரு தடுப்பூசியும் போட்டார்கள். டைபாய்டு ஊசி போட்டவர்களுக்கு 61 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. அதே பகுதியில் ஊசி போடாதவர்களிடமும் நோய் 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தப் பழைய வகை ஊசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘கான்ஜுகேட்’ வகை ஊசி. 6 மாதக் குழந்தைக்கே போடலாம். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த இந்த ஊசியை, டாக்கா நகரின் மக்கள் நெரிசல் மிகுந்த மீர்பூரில் சோதித்தபோது 80 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பு தந்தது. ஊசி போடாத அக்கம்பக்கத்தாருக்குப் பலன் கிடைத்ததாக மட்டும் அங்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனவே ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டாச்சு, நமக்கு வேண்டாம்’ என்று இருக்க முடியாது.

மாநகராட்சியால் முடியுமா?

முடியும் என்று நவி மும்பை 2018-லேயே காட்டிவிட்டது. அந்த மாநகராட்சி, தன் சுகாதார நிலையப் பகுதிகளில் பாதியில் முதலில் ஊசி போட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பயன்பெற்றார்கள். ஊசி போட்ட பகுதிகளையும் போடாத பகுதிகளையும் ஒப்பிட்டதில், டைபாய்டு 56 சதவீதம் குறைந்திருந்தது. பாகிஸ்தான் 2019-லும் நேபாளம் 2022-லும் தேசிய அளவில் கொண்டுவந்துவிட்டன. இந்தியாவில் நிபுணர் குழுவின் பரிந்துரை 2022-லேயே வந்தும், ஏழைக் குழந்தைக்கு ஊசி இன்னும் வந்து சேரவில்லை.

‘முதல்ல நல்ல தண்ணி கொடுங்க, அப்புறம் ஊசி போடலாம்’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம். குழாயும் சாக்கடையும் சரியாகாமல் டைபாய்டு ஒழியாது. ஆனால் ஒரு ஊர் முழுக்கக் குழாய் மாற்றப் பல வருஷம் ஆகும். இன்று இரண்டு வயதாகும் குழந்தை அதுவரை காத்திருக்க வேண்டுமா? ஆன்டிபயாடிக்கையும் காலத்துக்கும் நம்ப முடியாது. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. அதன் பிறகே அங்கே ஊசி அவசரத் தேவையானது.

டெல்டாவில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

புனே கணக்கைப் பார்த்தால், டெல்டாவின் எல்லாக் கிராமங்களிலும் உடனே போடத் தேவையில்லாமல் இருக்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம் ஆகிய இரண்டு மாநகராட்சிகளில், கீழவாசல், கரந்தை மாதிரி வீடுகள் நெருக்கமான வார்டுகளில் தொடங்கலாம். நவி மும்பை போல பாதி வார்டில் முதலில், மீதியில் அடுத்த கட்டமாகப் போட்டால், பலன் என்ன என்பது ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

அதற்கு நோயைச் சரியாக எண்ண வேண்டும். வைடல் டெஸ்ட் டைபாய்டு இல்லாதவருக்கும் ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும். பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது. அதுவும் பத்தில் ஆறு பேரைத்தான் பிடிக்கும், ஆன்டிபயாடிக் ஆரம்பித்த பிறகு எடுத்தால் இன்னும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் இதை வழக்கமாக்குவது முதல் வேலை.

செலவும் மலைக்க வைப்பதல்ல. ஏழை நாடுகளுக்காக மொத்தமாக வாங்கும்போது ஒரு டோஸ் சுமார் ஒன்றரை டாலர்தான். 2028-ல் மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். சாலை, குளம், கழிப்பறை என்று திட்டப் பட்டியல் நீளும். ஊர்க் குழந்தைகளுக்கான இந்த ஊசியும் அதில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.