எழுவாயைப் பறிக்கும் திரைப்படங்கள்

ஒரு கதை திரைப்படமாகி அதன் வாசகர்களை ஏமாற்றும்போதெல்லாம் இரண்டு சமாதானங்கள் தயாராக இருக்கின்றன. ஐந்து பாக நாவலைச் சில மணி நேரத்தில் அடக்க இயலாது என்பது ஒன்று. வாசகர் மனத்தில் வரைந்துவைத்த முகத்தோடு எந்த நடிகரும் போட்டியிட முடியாது என்பது மற்றொன்று. இரண்டுமே ரசிகரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. திரைக்கதையில் வினையைச் செய்பவர் யார், அது யாருக்குச் செய்யப்படுகிறது என்ற இலக்கணக் கேள்வி எழுவதே இல்லை.

‘பொன்னியின் செல்வன்’ அண்மைச் சான்று. மணிமேகலை படத்தில் இல்லாததை நீளத்தின் பொருட்டு என ஏற்கலாம். ஆனால் நாவலில் அருள்மொழி தனக்குரிய மகுடத்தைப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறான். 2023இல் வெளியான இரண்டாம் பாகத்தில் அது மதுராந்தகனுக்குப் போகிறது. நேரம் மிச்சமாகியிருக்கலாம். எனினும், கேட்டவனுக்கே முடியைக் கொடுப்பதும் கேளாதவனை அழைத்துவந்து சூட்டுவதும் ஒரே வினையல்ல. நான்காம் வேற்றுமை மாறியதும் கதையின் அறமே மாறிவிட்டது.

அங்கு பறிபோனது ஒரு நாவலின் முடிவு. கோலார் தங்கவயலுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. அங்கே கதையின் ரசிகர்களும் அக்கதையை வாழ்ந்தவர்களும் ஒருவரே.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை விரிவாக்கியபோது, வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்பேசும் தலித் மக்களே பெருமளவில் நிலத்தடிக்கு இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டது. பாறை வெடிப்பும் நுரையீரலைத் தின்னும் சிலிக்கா தூசியும் தொழிலாளரின் அன்றாடம். அதே மக்கள்தாம் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினர். சித்தார்த்தா புத்தகசாலை வழியாக அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டனர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். இந்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் அவர்களே எழுவாய்.

2018இல் வெளியான ‘கே.ஜி.எஃப்’ படத்தில் அம்மக்கள் மதிலுக்குள் அடைபட்ட அடிமைகள். மீட்பன் ஒருவன் வெளியிலிருந்து வரும்வரை காத்திருப்பதே அவர்கள் வேலை. கதை நிகழ்வது 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில். உண்மையான தங்கவயல் 1956இலேயே மைசூர் அரசின் கைக்கு வந்து, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாக இயங்கியது. தொழிற்சங்கங்களும் இருந்தன. நராச்சி கற்பனை ஊர்தானே என்பார்கள். அப்படியானால் தலைப்பும் கற்பனையாகவே இருந்திருக்கலாமே! ஊரின் பெயரும் சயனைடு மேடுகளின் காட்சியழகும் தேவைப்பட்டன. அம்மேடுகளை உழைத்துக் குவித்தவர்களின் வரலாறு தேவைப்படவில்லை. கன்னடப் படத்தில் சுரங்கத் தொழிலாளர் கன்னடம் பேசுவது குற்றமன்று, அது திரைமரபு. குற்றம், வேலைநிறுத்தம் செய்தவர்களை இரண்டாம் வேற்றுமைக்கு இறக்கியதில் இருக்கிறது: ‘மக்களை நாயகன் காக்கிறான்.’

பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) இந்த அநீதியை அறிந்தே எடுக்கப்பட்ட படம். வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து புறப்படும் உழைப்பாளிகளை அது மீண்டும் எழுவாயாக்கியது. அவர்களின் பேச்சை நகரத்துச் செவிக்காக மழுப்பவில்லை. வசனம் புரியவில்லை என்று சலித்துக்கொண்டவர்கள் தம் செவியைச் சற்றுப் பழக்கியிருக்கலாம். ஆயினும் ஆரத்தி என்னும் காவல்சக்தி கதையை ஆட்கொண்டதும், தங்கம் உழைப்பின் விளைவு என்பதிலிருந்து நழுவி மாயத்தின் பொருளாகிறது. படம் ஆழ்சுரங்கக் காலத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. தலைமுறைகள் இறங்கி ஏறிய ஷாஃப்ட் அதில் இல்லை. முந்தைய படம் வரலாற்றைத் திருடியது. இது வரலாற்றின் வாசல்வரை அழைத்துவந்து தொன்மத்துக்குள் திரும்பிக்கொண்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையன்று. ஆனால் தங்கவயல்காரர் ஒருவர் இரண்டாவது படத்திலும் தம் தாத்தாவைத் தேடி ஏமாந்தால், அதை ‘அதீத எதிர்பார்ப்பு’ என ஒதுக்க எந்த விமர்சகருக்கும் உரிமையில்லை.

எடுப்பதற்குக் கதையா இல்லை? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்தில் அதிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த ரயில்பெட்டிக்குள் இன்னும் எந்தத் திரைக்கதையும் ஏறவில்லை.