இரும்பைத் திருடும் பாக்டீரியா... பண்ணை மீன்களுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா?

பண்ணை மீன்களுக்கு நோய் வந்தால் முதலில் கை நீள்வது ஆன்டிபயாடிக் பக்கம்தான். தீவனத்தில் கலந்து போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த பாக்டீரியா மீனுக்குள் எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தால், அதைவிட நல்ல வழி ஒன்று தெரிகிறது.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர இரும்பு கட்டாயம் வேண்டும். மீனின் ரத்தத்தில் இரும்பு நிறையவே இருக்கிறது. ஆனால் எதுவும் சும்மா கிடப்பதில்லை. பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் பூட்டப்பட்டிருக்கும். வெளியே பயணிக்கும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நம் உடம்பிலும் இதே காவல்தான்.

இந்தக் காவலை உடைக்கத்தான் சிடெரோஃபோர். பாக்டீரியா தயாரித்து வெளியே அனுப்பும் குட்டி மூலக்கூறு இது. டிரான்ஸ்ஃபெரினிடம் இருக்கும் இரும்பையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதை உள்ளே இழுக்க பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் தனியாக ஒரு வாசல் புரதம் உண்டு. ரத்த சிவப்பணுக்களையே உடைத்து இரும்பை எடுக்கும் கில்லாடிகளும் உண்டு.

இந்தத் திருட்டு எவ்வளவு முக்கியம் என்பதை 1980-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஹோர்ஹே க்ரோசா காட்டினார். சால்மன் உள்ளிட்ட மீன்களுக்கு விப்ரியோசிஸ் நோயைத் தரும் விப்ரியோ அங்குயில்லாரம் பாக்டீரியாவில், இரும்பைப் பறிக்கும் திறமை பிஜேஎம்1 என்ற பிளாஸ்மிட்டில் இருந்தது. பிளாஸ்மிட் என்றால் குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம். அதை இழந்த பாக்டீரியா, மீனைக் கொல்லும் வீரியத்தையும் பெருமளவு இழந்தது.

சரி, இதனால் பண்ணைக்காரருக்கு என்ன லாபம்? தடுப்பூசியில்தான் இருக்கிறது விஷயம். ஆய்வகத்தில் இரும்பை வாரி வழங்கி வளர்த்தால், பாக்டீரியா அந்த வாசல் புரதங்களைப் பெரிதாகத் தயாரிக்காது. அதை வைத்துத் தடுப்பூசி செய்வது, போலீஸிடம் திருடனின் பழைய போட்டோவைக் கொடுப்பது மாதிரி. மாறாக, இரும்புப் பட்டினி போட்டு வளர்த்தால், மீனுக்குள் வரும்போது இருக்கும் அதே முகம் கிடைக்கும். ஃபுருன்குலோசிஸ் நோயைத் தரும் ஏரோமோனாஸ் சால்மோனிசிடாவின் வாசல் புரதங்கள் அட்லாண்டிக் சால்மனுக்குப் பாதுகாப்பு தருவதை 1990-களின் ஆய்வுகள் காட்டின.

தடுப்பூசியின் பலன் நார்வேயில் தெரிந்தது. 1987-ல் அங்கே பண்ணை மீன்களுக்குச் சுமார் 48 டன் ஆன்டிபயாடிக் செலவானது. இன்று உற்பத்தி பல மடங்கு பெருகி 10 லட்சம் டன்னைத் தாண்டியும், மருந்து 1 டன்னுக்கும் குறைவு. எல்லாப் புகழும் இரும்பு ஆராய்ச்சிக்கே என்று சொன்னால் அது ஓவர். எண்ணெய் கலந்த தடுப்பூசிகளும், பண்ணைகளுக்கு நடுவே ஓய்வு விடும் ஒழுங்கும் சேர்ந்து சாதித்தது அது. இதற்கு நேர் எதிர் சிலி. செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழும் பிசிரிக்கெட்சியா பாக்டீரியாவிடம் தடுப்பூசிகள் சரியாக எடுபடாததால், அங்கே சமீப ஆண்டுகளிலும் வருடத்துக்கு 300 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் போகிறது.

இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் பிளாஸ்மிட்தான். மருந்துக்கு அடங்காத ஜீன்களும் பெரும்பாலும் இதே மாதிரி வளையங்களில் ஏறித்தான் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. குளத்தில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டக் கொட்ட அவற்றுக்குக் கொண்டாட்டம். வாசல் புரதத்தைக் குறிவைக்கும் தடுப்பூசிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு. விலை உயர்ந்த சால்மனுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடலாம், கட்டுப்படியாகும். நம் ஊர் ரோகு, கட்லா குளங்களைத் தாக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவும் சிடெரோஃபோர் தயாரிப்பதுதான். ஆனால் ரோகு விற்கும் விலைக்கு யார் ஊசி போடுவார்கள்? தீவனத்தில் கலந்து தரும் தடுப்பூசிக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும்.