பழைய பம்பைப் பிரித்துப் பார்த்தீர்களா?

வாட்டர் பம்ப் ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும். டாடா 697 எஞ்சினோ, லேலண்டின் ஹினோ எஞ்சினோ, கைபழகிய மெக்கானிக்குக்கு அது பெரிய வேலை இல்லை. டாடா வண்டிகளில் வரும் கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினில் இன்னும் சுலபம்: பெல்ட்டைத் தளர்த்தி இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பம்ப் கையோடு வந்துவிடும். வேலை எவ்வளவு சுலபமோ, அவ்வளவு வேகமாகப் பழைய பம்ப் பட்டறை மூலையில் கிடக்கும் இரும்புக் குவியலுக்குப் போய்விடுகிறது. புதுப் பம்ப் மாட்டிய வண்டி சில மாதத்தில் மறுபடி முன்பக்கம் சொட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. ஸ்பேர் கடைக்காரர் டூப்ளிகேட் சாமான் கொடுத்துவிட்டார் என்று பேச்சு எழுகிறது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நல்ல கம்பெனிப் பம்பும் அதே வண்டியில் அதே போலச் சாகும்போது, காரணத்தைப் பம்புக்கு வெளியேதான் தேட வேண்டும். எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதைப் பழைய பம்பே சொல்லும். அதைப் பிரித்துப் பார்க்காமல் புதியதை மாட்டுவது பாதி வேலைதான் என்பது இந்த இதழின் கருத்து.

சீல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு பக்கம் கார்பன் வளையம். எதிரே செராமிக் அல்லது சிலிக்கான் கார்பைடு வளையம். ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து அழுத்துகிறது. ஒன்று நிற்க, மற்றொன்று ஷாஃப்ட்டோடு சுற்றுகிறது. நடுவே மைக்ரான் கணக்கில் ஒரு கூலன்ட் படலம் இருப்பதால்தான் அவை தேய்ந்து கருகாமல் ஓடுகின்றன. அந்தப் படலத்திலிருந்து துளித்துளியாக ஆவியாகி வெளியேறுவது இயல்பு. ஆகவே வீப் ஹோல் எனப்படும் கசிவுத் துளையின் கீழே காய்ந்த கறை தெரிந்தவுடன் பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. துடைத்துவிட்டு வண்டியை ஒரு லோடு அனுப்பிப் பாருங்கள். ஈரம் கோடாக இறங்கினால், சொட்டினால், சீல் முடிந்தது.

அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கிற பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. சிலர் அதில் ஸ்க்ரூ திருகி அனுப்புகிறார்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறோம்: இது ரிப்பேர் அல்ல. சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே துளை போட்டிருக்கிறார்கள். அதை அடைத்தால் தண்ணீருக்குப் போகும் ஒரே வழி பேரிங். கிரீஸ் கரைந்து, பேரிங் துருவேறி, ஷாஃப்ட் ஆடத் தொடங்கும். ஃபேன் பம்ப் ஷாஃப்ட்டிலேயே உட்கார்ந்திருக்கும் பழைய எஞ்சின்களில் அந்த ஆட்டம் ஃபேன் இறக்கையை ரேடியேட்டருக்குள் கொண்டுபோய் விடும். சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் முழு லோடோடு ஏறும் டிரைவருக்கு அது நடந்தால், ஒரு பம்பின் விலையோடு கணக்கு முடியாது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டுவதும் இதே வகைதான். அது ரேடியேட்டரின் மெல்லிய டியூப்களை முதலில் அடைக்கும். சீல் முகத்துக்கு இடையிலும் போய் நிற்கும். நடுக்காட்டில் நின்ற வண்டியைப் பட்டறை வரை கொண்டுவர டிரைவர் செய்ததை மன்னிக்கலாம். பட்டறையில் நாம் செய்யக்கூடாது.

இனி பழைய பம்புக்கு வருவோம். இம்பெல்லரைப் புல்லர் போட்டு இழுத்து, சீலை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கார்பன் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் தண்ணீரில் துருவும் மணலும் ஓடியிருக்கிறது. எதிர் வளையத்தில் கருகிய அடையாளமும் மயிரிழை வெடிப்பும் இருந்தால் அது தண்ணீர் இல்லாமல் ஓடிய சீல். லெவல் குறைந்து ஓடியிருக்கலாம். அல்லது பம்ப் மாற்றியவர் தண்ணீர் ஊற்றும் முன்பே ‘சும்மா ஒரு செல்ஃப்’ அடித்துப் பார்த்திருக்கலாம். அந்தச் சில நொடிகள் போதும், புதுச் சீல் கெட்டுவிடும். சீலைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டிப்பட்ட படிவம் இருந்தால் உப்புத் தண்ணீர். பசை போலப் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருந்தால், ஒன்றோடொன்று சேராத கூலன்ட்களைக் கலந்திருக்கிறார்கள்.

சீல் நன்றாக இருந்து பேரிங் மட்டும் லூஸாக இருக்கிறதா? பெல்ட்டைப் பாருங்கள். கத்துகிறது என்று பெல்ட்டைக் கம்பி போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஃபேன் இறக்கையில் ஒன்று உடைந்தோ வளைந்தோ இருந்தாலும் பேரிங் இப்படித்தான் போகும். ஷாஃப்ட் ஆடினால் சீல் முகங்கள் நேராகச் சேராது. அப்புறம் கசிவு வருவது இயல்பு. இம்பெல்லர் இறக்கைகள் புழு அரித்த மரம் போலக் குழிகுழியாக இருந்தால், நான் முதலில் கையில் எடுப்பது ரேடியேட்டர் மூடியைத்தான். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் குமிழ்விட்டுக் கொதிக்கும். அந்தக் குமிழிகள் உடையும் வேகம் இரும்பையே தின்றுவிடும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் ஏறினால் அது 120 டிகிரி வரை தாங்கும். சின்னதொரு மூடி எஞ்சினுக்குக் கொடுக்கும் இந்த 20 டிகிரியை, ரப்பர் வாஷர் வெடித்த பழைய மூடியை மறுபடி மாட்டி நாம் இழக்கிறோம்.

எல்லாக் காரணங்களிலும் பெரியது தண்ணீர்தான். 1954 முதல் 1969 வரை டெல்கோ டெய்ம்லர் பென்ஸுடன் சேர்ந்து வண்டி கட்டிய காலத்தின் வழியில் வந்த அந்த இரும்பு பிளாக் எஞ்சின்கள் எதையும் பொறுத்துக்கொண்டன. ஆற்றுத் தண்ணீர், ஓட்டல் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் ஊற்றி ஓட்டினார்கள். அந்தப் பொறுமையே நம்மைக் கெடுத்துவிட்டது. கூலன்ட் என்றதும் “நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது?” என்று கேட்கும் ஓனர்கள் உண்டு. உறையாமல் இருப்பது கூலன்டின் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், வெட் லைனர் உள்ள எஞ்சின்களில் லைனரின் வெளிச்சுவரில் குழி விழாமல் தடுப்பதும் நம் வெயிலுக்கும் வேண்டிய வேலைகள். கொங்குப் பக்கத்துப் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சூடான இடம் பார்த்துப் படியும். படிந்த இடத்தில் இரும்பு வெப்பத்தை விடாது. பாதிக்குப் பாதி கூலன்டும் மினரல் நீக்கிய தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் கம்பெனி சேர்க்கும் சாயம். உள்ளே உள்ள மருந்து எது என்பதை டப்பாவில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே இருப்பது எது என்று தெரியவில்லை என்றால் முழுக்க வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

மாட்டும் வேலையைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துண்டுகள் பிளாக்கின் தண்ணீர் வழிக்குள் விழாமல் துணி வையுங்கள். ஜாக்கெட்டுக்குள் போகும் போல்ட்டுக்கு மட்டும் சீலன்ட் போடுங்கள். கேஸ்கெட் முகத்தில் அப்பாதீர்கள். டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன கம்மின்ஸ் பம்பின் இரண்டு போல்ட்டுக்கும் 24 நியூட்டன் மீட்டர்தான்; கையின் பலத்தைக் காட்டும் இடம் அதுவல்ல. ஊற்றும்போது மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற நேரம் கொடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்த பிறகு லெவல் இறங்கும். அதையும் நிரப்பி, வண்டி ஒரு ஓட்டம் ஓடி ஆறிய பின் மறுபடி பார்க்க வேண்டும். புது பெல்ட் என்றால் அதன் இழுவையையும் அப்போதே பாருங்கள்.

கிட் வாங்கிப் பழைய பம்பையே லேத்தில் புதுப்பிக்கிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். சீலைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். அதன் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழும்படி ஒரு புஷ் கடைந்து வைத்துக்கொண்டு, பிரஸ்ஸில் இறக்குங்கள். சீல் முகத்தைக் கையால் தொடக்கூடாது, கிரீஸ் தடவக்கூடாது. இம்பெல்லரை எவ்வளவு ஆழம் இறக்குகிறோமோ அதுதான் சீல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. பிரிக்கும் முன் அளந்து எழுதாதவர் மாட்டும்போது ஊகத்தில்தான் மாட்ட முடியும்.

ஓனரிடம் பேசுவதுதான் இதில் கடினம் என்று பலரும் சொல்கிறார்கள். ஒற்றை வண்டி வைத்து ஓட்டுபவருக்கு மாதத் தவணை தலைக்கு மேல் நிற்கும். லோடு ஏற்றக் காத்திருக்கும். பம்போடு மூடி, பெல்ட், கூலன்ட் என்று பட்டியல் நீண்டால் நாம் பில் ஏற்றுகிறோம் என்று அவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். வாயால் விளக்குவதைவிடக் கோடு விழுந்த கார்பன் வளையத்தை அவர் உள்ளங்கையில் வையுங்கள். அரித்த இம்பெல்லரைக் காட்டுங்கள். கண்ணால் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு. அதை ஜாப் கார்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பம்ப் மாற்றிய தேதி, கிலோமீட்டர், எந்தக் கூலன்ட், பழைய சீல் எப்படி இருந்தது ஆகிய நான்கையும் அதே கார்டில் எழுதி வாருங்கள். அந்தக் குறிப்புகளையும் பிரித்த சீல்களின் படங்களையும் எங்களுக்கு அனுப்புங்கள். எந்தப் பகுதித் தண்ணீரில், எந்த எஞ்சினில், எந்தப் பம்ப் எப்படிப் போகிறது என்பதை எல்லாப் பட்டறைகளும் அறிய இந்த இதழில் வெளியிடுவோம்.